மலையடிவாரப் பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆவணியில் பாலாலயம் செய்து (சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி வைத்து) தொடங்கிய வேலை இந்த வைகாசியில் கும்பாபிஷேகத்தோடு முடிந்தது. 48 நாள் மண்டலாபிஷேகமும் போன வெள்ளிக்கிழமை நிறைவு பெற்றது. இனி உங்களிடம் ஒப்படைக்க வேண்டியது கணக்கு ஒன்றுதான். அதோடு சில விளக்கங்களும் சொல்லியாக வேண்டும். கோயில் மண்டபத்தில் மலையைப் பற்றித் தகவல் பலகைகள் வைத்திருக்கிறோம், அதைப் பார்த்துவிட்டு "சாமி காசில் சுற்றுலாப் பலகை எதற்கு?" என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சுவர். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. நம் கோயில் இருக்கும் கொடிமலையில் (பினாங்கு ஹில்) பல இடங்களில் மண் சரிந்தது அன்றுதான். நம் கோயிலின் பின்சுவர் விழவில்லை, ஆனால் அன்றைக்குச் சாய்ந்தது நிமிரவேயில்லை. இந்த மலை அடியில் கருங்கல். மேலே அந்தக் கல்லே மக்கி மண்ணாகிப் பல அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கினால் மண் ஊறிக் கனத்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கருவறையில் கை வைப்பதற்கு முன்பே தடுப்புச் சுவர் எழுப்ப முடிவு செய்தோம்.

இதில் ஒரு தவறு நடந்தது. நாங்கள் முதலில் அமர்த்திய குத்தகைக்காரர், தண்ணீர் வெளியேறத் துளை விடாமலேயே சுவரைக் கட்டிக்கொண்டு போனார். எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. ஐப்பசி மழையில் சுவர் நடுவில் தொப்பை போட்டது. பாதியை இடித்துவிட்டு, குழாய் பதித்து, பின்னால் சல்லி நிரப்பி மறுபடியும் கட்டினோம். கூடுதல் செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதி நம் தலையில். வேலையை மேற்பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள், அதனால் குழுவின் பொறுப்பை மறைக்கவில்லை.

தைப்பூசத்தையொட்டி இரண்டு வாரம் வேலை நின்றது. தண்ணீர்மலைச் சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தலாக இருக்கும்போது செங்கல் லோரி எந்த வழியாக வரும்? தவிர, 1894இல் காரைக்குடியில் செய்து கொண்டுவந்த வெள்ளி ரதம் நகரத்தார் கோயிலை நோக்கி வரும் நாளில், வேலைக்கு வா என்று கூப்பிட்டால் வர ஆளும் கிடையாது, கூப்பிட எங்களுக்கும் மனமில்லை.

லோரி வந்தாலும் அடிவாரத்தோடு சரி. அங்கிருந்து கோயில் வரைக்கும் படியும் ஒற்றையடிப் பாதையும்தான். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குக் கோத்தோங் ரோயோங் (கூட்டு உழைப்பு) வைத்து வரிசையாக நின்று கைமாற்றினோம். மூன்றாம் வாரம் ஆள் குறைந்தது, காரணம் கேட்க வேண்டாம். அப்போது கைகொடுத்தவர்கள் தினமும் மலையேறும் சீனப் பெரியவர்கள். வழியில் இருக்கும் தேநீர்க் கொட்டகைகளுக்குப் போத்தலில் தண்ணீர் சுமந்து போய் வைப்பது அவர்களுக்குப் பழக்கம். செங்கல் குவியலைப் பார்த்த ஒருவர் எதற்கென்று விசாரித்தார், சொன்னோம். முதுகுப் பையைத் திறந்து மூன்று செங்கல்லை உள்ளே வைத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "சத்து ஓராங், டுவா பாத்து!" என்றார். ஆளுக்கு இரண்டு கல் என்று அவராகவே சட்டம் போட்டுவிட்டார். எழுபது வயதுக்குக் குறையாது. அன்றைக்கு மட்டும் அப்படி எத்தனை கல் மேலே வந்தது என்று நாங்கள் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

கருவறை, விமானம், வண்ணப்பூச்சு எல்லாம் நீங்களே பார்த்ததுதான். சிலையைப் பீடத்தோடு பொருத்தும் எட்டுப் பொருள் மருந்தான அஷ்டபந்தனம் பற்றி மட்டும் கொஞ்சம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு எல்லாம் கடையில் கிடைத்தன. எட்டாவது பொருளான எருமை வெண்ணெய்க்குத்தான் அலைந்தோம். கடைசியில் சுங்கைப்பட்டாணிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினரின் மாமியார் கடைந்து அனுப்பினார். மருந்தை உலக்கையால் இடித்தவர்களுக்குத் தெரியும், முதல் அரைமணி நேரம் அது கல், அப்புறம் மிட்டாய், அதற்கும் பிறகுதான் மெழுகு. சூடு ஆறுவதற்குள் திரித்துப் பீடத்தைச் சுற்றி அழுத்திவிட வேண்டும். உள்ளங்கை கொப்பளித்த இரண்டு இளைஞர்களும் அதைப் பெருமையாக எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மண்டபமும் பலகைகளும். நம் பிள்ளையாரைக் கும்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் மலையேறப் போகிறவர்கள். ஒரு சிதறு தேங்காய் உடைத்துவிட்டு மேலே போவார்கள், இறங்கி வரும்போது செருப்பைக் கழற்றாமல் வெளியில் நின்றே ஒரு கும்பிடு. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. அதனால் சுவரோடு சேர்த்து ஓர் இளைப்பாறும் மண்டபம் போட்டோம். மூன்று பக்கமும் கம்பி வலை இருப்பது குரங்குகளுக்காக. தேங்காய் மூடி தரையில் விழுவதற்குள் பிடித்துக்கொண்டு போகிற சாமர்த்தியம் அவற்றுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ளே உட்காருகிறவர் எதையாவது பார்த்துக்கொண்டு உட்காரட்டுமே என்று எழுந்ததுதான் பலகை யோசனை. இந்த மலையைப் பற்றி ஆங்கிலத்திலும் மலாயிலும் படிக்க ஏராளம் உண்டு. தமிழில் எழுதியிருந்தால் நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள்.

முதல் பலகை அடிவாரத்தைச் சொல்கிறது. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அங்கே அடிமரத்திலிருந்தே பூக்கும் நாகலிங்க மரங்கள், ஊருக்கே குடிநீர் கொடுத்த அருவி, அந்த அருவி ஓரத்தில் இருந்து இடம் மாறிய பழைய முருகன் கோயில், இன்றைக்கு 513 படி ஏறிக் கும்பிடும் பாலதண்டாயுதபாணி. அடுத்த பலகை காட்டுக்கு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிய வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருக்கும் லோத்தோங் குரங்கு, பெரிய கறுப்பு அணில், பூச்சியைக் குடுவையில் பிடித்துத் தின்னும் பெரியோக் கெரா செடி. யுனெஸ்கோ 2021இல் இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததும் அதில் உண்டு. மலேசியாவில் இது மூன்றாவது.

மூன்றாவது பலகைதான் நீளம். குழுவுக்குள் சண்டை வந்ததும் அதற்காகத்தான். மலைக்குக் கொடிமலை என்று பேர் வந்ததே உச்சியில் இருந்த கொடிக்கம்பத்தால். கப்பல் வருவதை ஊருக்குச் சொன்ன கொடி அது. மலாயில் புக்கிட் பெண்டேரா என்பதும் அதே பொருள்தான். உச்சி 833 மீட்டர். குளிர் தேடி மேலே பங்களா கட்டிய வெள்ளைக்காரர்கள் குதிரையில் போனார்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். அந்த நாற்காலியைத் தூக்கிய தோள்களில் நம்மவர் தோளும் இருந்தது. உச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் கோயில், அப்படிச் சுமந்தவர்களும் சிப்பாய்களும் கும்பிட்ட சிறிய இடமாகத் தொடங்கியது என்றுதான் சொல்கிறார்கள். மலை ரயிலுக்கான முதல் முயற்சி தோற்று, பிறகு 1923 கடைசியில் ரயில் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி 1ஆம் தேதி முறைப்படி திறப்பு விழா கண்டது. அதோடு நாற்காலி நின்றது. ரயிலைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றார் ஒருவர். தூக்கியவர்களைப் பற்றி எழுதாவிட்டால் பலகையே வேண்டாம் என்று எங்கள் பொருளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர், அப்புறம் என்ன செய்வது!

அச்சகத்திலிருந்து பலகைகள் வந்த அன்று ஊரே சிரித்தது. "கொடிமலை" என்பது "கோடிமலை" ஆகியிருந்தது. உயரம் 833 கிலோமீட்டர் என்றிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்தான், "அப்படியானால் ராக்கெட்டில்தான் போகணும்" என்று கண்டுபிடித்தான். பிழை திருத்திப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது குழுதான், ஆகவே மறு அச்சுக்கான 700 ரிங்கிட்டை அச்சகத்திடம் கேட்க எங்களுக்கு வாயில்லை.

சரி, கணக்கு. சந்தாவும் நன்கொடையுமாக 61,400 ரிங்கிட், உண்டியலில் 9,250, உபயமாக 5,600, ஆக வரவு 76,250. கருவறைக்கும் விமானத்துக்கும் வண்ணத்துக்கும் 31,800, சுவருக்கும் வடிகாலுக்கும் 18,700, மண்டபத்துக்கு 14,900, கும்பாபிஷேகத்துக்கு 6,300, பலகைகளுக்கு மறு அச்சையும் சேர்த்து 2,150. மொத்தச் செலவு 73,850. கையிருப்பு 2,400. சாமி காசு என்று கேட்டவருக்கு: பலகைச் செலவு முழுவதும் அதற்கென்றே மூன்று பேர் கொடுத்த நன்கொடை, உண்டியலிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. ரசீதுக் கட்டு பொருளாளரிடம் இருக்கிறது. பூசை முடிந்ததும் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

பாக்கி இருப்பவை இரண்டு. மண்டபத்து மேற்கு மூலையில் கூரை ஒழுகுகிறது, கையிருப்பில் சரிசெய்வோம். அப்புறம், நாற்பது செங்கல் மீந்து மண்டபத்துக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வேண்டியவர்கள் நன்கொடை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கீழே இறக்குவது அவரவர் பொறுப்பு.