உலர்ந்த விறகு என்று ஈர விறகு அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு
நாள்: 28.09.2024, சென்னை
பொருள்: 06.09.2024 அன்று இறக்கிய 500 கிலோ விறகு – பணம் திருப்பித் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

கொளத்தூரில் எங்கள் வீட்டுக்கு இந்த மாதம் 6ஆம் தேதி உங்களிடமிருந்து 500 கிலோ விறகு வந்து இறங்கியது. கிலோ 12 ரூபாய் வீதம் 6,000 ரூபாயையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். பில்லில் ‘நன்கு உலர்ந்த சவுக்கு, பிளந்தது’ என்று போட்டிருக்கிறது. வந்தது பெரும்பாலும் சவுக்குதான். உலர்ந்ததுதான் இல்லை.

இதைக் கண்டுபிடித்தது என் அம்மா. செய்யாறு பக்கம் கிராமத்தில் விறகு அடுப்போடே வாழ்ந்தவர். அங்கே தை, மாசியில் மரம் வெட்டிப் பிளந்து, பங்குனி, சித்திரை வெயிலில் காயப் போடுவார்கள். ஆடி பிறப்பதற்குள் கொட்டகையில் அடுக்கி முடித்துவிடுவார்கள். அடியில் இரண்டு கட்டை போட்டு, தரை ஈரம் ஏறாமல், இடையில் காற்று புகும்படி அடுக்க வேண்டும். மேலே மட்டும் ஓலை, பக்கமெல்லாம் திறப்பு. ஐப்பசி அடைமழையில் பக்கத்து வீட்டில் போய் விறகு கேட்டு நிற்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

அப்படிப்பட்டவர் உங்கள் கட்டைகளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த விறகு ‘ணங்’கென்று கேட்கும். இது ‘தொப்’பென்றது. வெட்டுமுனையில் ஒரு வெடிப்பு இல்லை. பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. “இதை எப்படா வெட்டினாங்க, நேத்தா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், “சவுக்கு பச்சையாவே எரியும் சார்” என்றார். எரியும், யார் இல்லை என்றது? தாமிர பாய்லரில் வைத்தோம். கட்டையின் முனையில் நுரை தள்ளி ‘உஸ்’ஸென்று சத்தம் வந்தது. பாய்லர் தண்ணீரைச் சுட வைக்க வேண்டிய சூடெல்லாம் விறகுக்குள் இருந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே தீர்ந்துபோனது. எப்போதும் அரை மணியில் காயும் வெந்நீருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாடியில் குடியிருப்பவர்களின் துணியெல்லாம் புகை நாற்றம், அதற்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன். சென்னையில் ஏது சார் குளிர் என்றும் அதே ஊழியர் சிரித்தார். மார்கழி விடியலில் 20 டிகிரி என்பது உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, வயதான உடம்புக்கு அது குளிர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சரியாக 10 கிலோ கட்டைகளை எடுத்து, இன்னும் சன்னமாகப் பிளந்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். மாலையில் மழை இருட்டினால் தார்ப்பாய் போட்டு மூடினேன். 21 நாள் கழித்து அதே தராசில் நிறுத்தால் 7 கிலோ 300 கிராம். பச்சை மரத்தில் பாதி எடைவரை தண்ணீர் இருக்கும் என்பது விறகு விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கணக்கில் 500 கிலோவில் 135 கிலோ தண்ணீர். அதற்கு நான் கொடுத்த விலை 1,620 ரூபாய். கேன் தண்ணீரே இதைவிட மலிவு.

அப்புறம் அந்த முருங்கைக் கட்டைகள். அடியில் ஒரு கட்டு கிடந்தது. முருங்கையை விறகென்று அனுப்ப ஒரு துணிச்சல் வேண்டும். அதைப் பார்த்து அம்மா கோபப்படக்கூட இல்லை, சிரித்துவிட்டார்.

எனவே, 1,620 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முருங்கையை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு உலர்ந்த சவுக்கு கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு வருவது எதுவும் காயாது. அதனால் 10 நாளுக்குள் வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் வழி இருக்கிறது. பில்லும், இரண்டு முறை எடை போட்ட படங்களும் இணைத்துள்ளேன்.

மாற்று விறகோடு வரும் வண்டிக்காரரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: அம்மா இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொளத்தூர், சென்னை