பழைய வால்வு அம்பிளிபயரும் 230 வோல்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேஸ் கிற்றாருக்கென்று கொழும்பில் ஒரு பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) அம்பிளிபயர் வாங்கி, கிளிநொச்சிக்கு பஸ்ஸில் மடியில் வைத்த மாதிரிக் கொண்டுவந்தேன். அமெரிக்கச் சாமான். பின்தகட்டில் 120 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது; நான்தான் பார்க்கவில்லை. நம் 230 வோல்ட்டில் செருகியதும் பியூஸ் போய்விட்டது. நல்லகாலம், அதோடு நின்றது. இப்போது 230-ஐ 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமரில் ஓடுகிறது.

திருவிழாக்களில் வாசிக்கும் பெடியளுக்கு இன்னொன்று: ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு வால்வு அம்பிளிபயரைப் போட்டு வாசிக்காதீர்கள், ஸ்பீக்கருக்குக் கரண்ட் அனுப்பும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் கருகலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். தெரிந்தவரைத் தவிர வேறு யாரும் திறக்க வேண்டாம்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் பழைய சாமான் விற்பவர்களை வோல்ட்டையும் போடச் சொல்வீர்களா?

பரந்தன் வாசகன்