நாற்காலிச் சண்டையும் நம்ம போர்டு மீட்டிங்கும்

மாப்ள,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தும் முகாம் என்று ஓடிவிட்டது. பேத்திக்குக் காது குத்திய விசேஷத்தை அவ்வளவு விவரமாக எழுதிவிட்டு உன் முழங்கால் வலியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதையும் எழுது.

துணைவேந்தர் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று கேட்டிருந்தாய். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றி 2022-இல் சட்டசபை மசோதாக்களை நிறைவேற்றியது. அவை ராஜ்பவனில் கிடந்து, திரும்பி வந்து, 2023 நவம்பரில் மறுபடி நிறைவேறி, அப்புறம் ஜனாதிபதிக்குப் போயின. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இவற்றையும் சேர்த்துப் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்றது. இங்கே பட்டாசு வெடிக்காத குறைதான். ஆனால் மே 21-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு, துணைவேந்தர் நியமனம் பற்றிய திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டுவிட்டது. பிறகு நவம்பர் 20-ஆம் தேதி, ஜனாதிபதி எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வதும் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதுவரைக்கும் கதை இதுதான். நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான நாற்காலி இரண்டு வருஷம் தாண்டியும் காலியாகவே கிடந்தது. உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையில் ஒரு பொறுப்புக் குழுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பார்த்துக்கொள்.

ஆனால் மாப்ள, இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒரு விஷயம்தான் என்னை அரிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி, துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் மூன்று பேர்: பல்கலைக்கழகப் பேரவையான செனட் சார்பில் ஒருவர், ஆட்சிக் குழுவான சிண்டிகேட் சார்பில் ஒருவர், வேந்தரான ஆளுநர் சார்பில் ஒருவர். மூன்றில் இரண்டு பேரைப் பல்கலைக்கழகத்தின் அமைப்புகளே தேர்ந்தெடுக்கும். மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பிரதிநிதி ஒருவரும் வேண்டும் என்று ஆளுநர் பிடிவாதம் பிடித்தார், யுஜிசியின் 2018 விதிமுறையைக் காட்டினார். அரசு முடியாது என்றது. 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதியில் வேந்தருக்கு ஒன்று, யுஜிசி தலைவருக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்றே ஒன்று. தொழில்துறை ஆட்களும் துணைவேந்தர் ஆகலாமாம். நம் சட்டசபை மூன்றாம் நாளே எதிர்த்துத் தீர்மானம் போட்டது, சரி, அது நல்லதுதான். ஆனால் மாநில உரிமை, மத்திய அதிகாரம் என்று இரண்டு பக்கமும் முழங்கிய அளவுக்கு, அந்த இரண்டு இடம் ஏன் ஒன்றாகிறது, அந்த இடத்தில் வாத்தியார்களுக்கு என்ன குரல் மிச்சம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேந்தர் ஆளுநராக இருந்தாலும் முதல்வராக இருந்தாலும், கீழே செனட் செத்துக் கிடந்தால் வருகிறவர் மேலே பார்த்துத்தானே கும்பிடுவார்? செனட்டும் சிண்டிகேட்டும் சுத்தமாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்ல ஓர் இடம் இருந்தது, சொன்னது மினிட்ஸில் ஏறியது.

இப்போது எங்கள் இடத்தில் பாடத்திட்டக் குழுக் கூட்டம் எப்படி நடக்கிறது தெரியுமா? கூகுள் மீட்டில். அஜெண்டா முதல் நாள் ராத்திரி வாட்ஸப்பில் வரும், அதுவும் கோணலாக எடுத்த போட்டோவாக. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். ஒரு பேப்பரைப் பாடத்திட்டத்திலிருந்து ஏன் எடுக்கிறோம் என்று கேட்டால் 'மேலே ஏற்கெனவே சொல்லிட்டாங்க சார்' என்று பதில். யார் அந்த மேலே என்று கேட்டேன், ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை. கல்விக்குழுவில் நீ ஒரு தாளுக்காக மாலை வரை மல்லுக்கட்டியதும், பதிவாளர் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணியதும் நினைவிருக்கிறதா? இப்போது அப்படிச் சண்டை போட்டால், சார் ரிட்டயர் ஆகப் போகிறார், அதான் என்று சிரித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு இளையவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. எங்கள் துறையில் நிரந்தர ஆட்களைவிடக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் அதிகம். நெட், செட் என்ற தகுதித் தேர்வுகள், பிஎச்.டி எல்லாம் முடித்தவர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019-இலேயே சொன்னது, நம் அரசுக் கல்லூரிகளில் 2025 வரை 25,000-ஐத் தாண்டவில்லை, எங்களிடம் அதுவும் இல்லை. மே மாதம் சம்பளம் கிடையாது. வகுப்பெடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தால் ஃபைல் தூக்குவதும் இவர்கள், ஆனால் எந்தக் குழுவிலும் இடமில்லை, ஓட்டும் இல்லை. அடுத்த ஜூனில் உத்தரவு வருமா என்று காத்திருக்கிறவன் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவானா? நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டதே செனட்டைக் காலி பண்ணுவதற்கு எளிய வழி என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கப் போய் அப்படி ஆகிவிட்டது.

காசு என்றதும் உன் பழைய மதுரை ஞாபகம் வருகிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கே ஆட்கள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டதைப் படித்திருப்பாய். ஓய்வு பெற்றவர்கள் பணப்பலனுக்கு அலைகிறார்கள். என் முறையும் வரப்போகிறது, வீட்டில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, ஒரு காரியம். ஆசிரியர் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து, குழுக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் அஜெண்டா தர வேண்டும், ஆட்சேபத்தை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய சட்டவிதிகளை எடுத்து ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறோம். அலுவலகத்தில் கேட்டால் புத்தகம் இல்லை என்கிறார்கள். நீ மதுரைப் பக்கத்து ஆசிரியர் சங்கமான மூட்டாவில் இருந்த காலத்தில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்த பிரதி இன்னும் பரணில் இருக்கும். மருமகனை ஏறச் சொல், முழங்காலை வைத்துக்கொண்டு நீ ஏறாதே. ஜெராக்ஸ் வேண்டாம், போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். பொங்கலுக்குள் கிடைத்தால் நல்லது, லீவு முடிந்ததும் அடுத்த கூட்டம் வைக்கிறார்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்