முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ஸ்டாண்டு வேண்டாம்

காட்பாடி,
பங்குனி 22

அன்புள்ள குமரா,

நலம்தானே? கத்திரிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இங்கே இப்போதே பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஆளில்லை.

குடியாத்தம் பூங்காவில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நீ போட்ட வரைபடம் வந்தது. முன்சக்கரத்தைச் செருகும் கம்பி வரிசையை முதலில் அதிலிருந்து நீக்கிவிடு. பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் பாரம் முழுக்க ஸ்போக்கில் விழுந்து ரிம் கோட்டமாகும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், திருடன் அதைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போய்விடுவான்.

தலைகீழ் 'ப' வடிவத்தில் வளைத்த 2 இன்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும். தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், மண்ணுக்குள் ஓரடி. ஒன்றுக்கு ஒன்பதரை அடி ஆகிறது. 20 அடி பைப்பில் இரண்டு எடுக்கலாம். தரையிலிருந்து ஒன்றேகால் அடியில் குறுக்குக் கம்பி ஒன்று அவசியம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் பெண்கள் சைக்கிளுக்கு மேல் பார் கிடையாது. சங்கிலி சுற்ற அந்தக் கம்பிதான் உதவும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல். புதைக்கும் முனையில் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே ஒட்டினால் யாரும் திருகிப் பிடுங்க முடியாது. பைப்பைச் சுற்றிக் காங்கிரீட்டைக் கொஞ்சம் மேடாக முடி. தண்ணீர் நின்றால் துரு அங்கேதான் பிடிக்கும்.

ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மூணேகால் அடி விட்டால் ஒன்றின் இரு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் நிற்கும். பத்து ஸ்டாண்டு, இருபது சைக்கிள், சுமார் 33 அடி நீளம். எடுத்துத் திருப்ப 5 அடி பாதை. வரிசையின் ஒரு கோடியைத் தாராளமாக விடு, கேரியரின் இருபுறமும் கேன் தொங்கும் பால்காரர் சைக்கிளுக்கு.

தரை கெட்டியாக இருக்கட்டும். புல்லிலும் மணலிலும் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். நீரோட்டத்துக்கு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு போதும், ரொம்பக் கொடுத்தால் சைக்கிள் உருளும். சுற்றிலும் நெருஞ்சியையும் சீமைக் கருவேலத்தையும் விட்டு வைக்காதே. எவ்வளவு அழகாகக் கட்டினாலும் இரண்டு பேருக்குப் பஞ்சர் ஆனால் மூன்றாவது ஆள் அங்கே நிறுத்த மாட்டான்.

இடம் வாசலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் மோட்டார் பைக்கைத் தடுக்கும் வளைவுக் கம்பியைத் தாண்டி உள்ளே. வெளியே வைத்தால் ஒரே வாரத்தில் பைக் ஸ்டாண்டாகிவிடும். ஒதுக்குப்புறமாக வைத்தால் எல்லோரும் வேலிக் கம்பியில்தான் பூட்டுவார்கள்.

உட்காரும் பெஞ்சு சைக்கிளைப் பார்த்தபடி பத்துப் பதினைந்து அடிக்குள் இருக்கட்டும். வண்டி கண்ணில் படாவிட்டால் யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். உயரம் ஒன்றரை அடி. நம் பக்கத்துக் கருங்கல் மலிவுதான், ஆனால் வெயில் பட்ட கல்லில் மதியம் உட்கார முடியாது. நிழல் உறுதியானால் மட்டும் போடு. குடிநீர்க் குழாயும் ஒரு காற்றடிக்கும் பம்பும் அங்கேயே. பம்பைச் சங்கிலியில் கட்டு.

நிழலுக்குப் புங்கன், பங்குனியில் தளிர்த்துச் சித்திரைக்குக் குடை பிடிக்கும். ஆலும் அரசும் வேண்டாம், சீட்டெல்லாம் பறவை எச்சம். மரம் வளரும் வரை தகரக் கூரை போடுவதென்றால் அதன் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். சாயங்கால வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும்தான் விழும். வெயிலில் காய்ந்த ட்யூபில் பழைய ஒட்டு பிரிந்துவிடும்.

வரைபடத்தில் திசை குறிக்கவில்லையே, வாசல் எந்தப் பக்கம்? எழுது.

அன்புடன்,
மணி