அந்தப் பாதி வீட்டில் இடம் கிடைக்காதவர்கள்

மதுரை,
ஜனவரி 5

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம்.

நீ பார்க்கச் சொன்ன 'தி மோர் தி மெரியர்' படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். 1943இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய இந்தப் படத்தில், போர்க்காலத்து வாஷிங்டன் நகரமே குடியிருக்க இடமின்றித் திண்டாடும்போது, கான்னி மில்லிகன் தன் வீட்டில் பாதியை வாடகைக்கு விடுகிறாள். காலையில் யார் எப்போது எழுவது, எப்போது குளிப்பது என்று அவள் நிமிடக் கணக்கில் அட்டவணை போடும்போது, மகளிர் விடுதியில் நாம் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்ட நாட்கள் கண்முன் வந்தன.

அரசு வேலை பார்த்து, தன் பெயரில் வீடு வைத்திருந்து, அதன் விதிகளையும் தானே வகுக்கும் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தியதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். அவளாக நடித்த ஜீன் ஆர்தருக்கு அப்போது வயது 42. கதாநாயகன் ஜோயல் மெக்ரியாவைவிட ஐந்து வயது மூத்தவர். நம் ஊர்ப் படங்களில் அந்த வயதில் அம்மா வேடம்தான் கிடைத்திருக்கும். ஆனால் பெண்ணுக்குத்தான் அறையைக் கொடுப்பேன் என்று கான்னி தெளிவாகச் சொல்லியும், டிங்கிள் என்ற முதியவர் பேச்சால் அவளை மடக்கி உள்ளே புகுந்து, தன் பங்கிலும் பாதியை ஜோ கார்ட்டர் என்ற இளைஞனுக்கு (மெக்ரியாவின் வேடம்) அவளிடம் சொல்லாமலே கொடுத்துவிடுகிறார். அவளுடைய நாட்குறிப்பையும் படித்துவிடுகிறார். சார்லஸ் கோபர்ன் அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பெற்றார், நடிப்பும் அருமைதான். என்றாலும் அவள் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்பது இரண்டாம் முறை பார்க்கும்போது என்னை உறுத்தியது. கான்னியும் ஜோவும் ஒரே வீட்டில் தங்கியிருப்பது வெளியே தெரிந்ததும், அவளை மணக்கவிருந்தவர் தன் பதவியைப் பற்றிக் கவலைப்படுகிறார். அவளுக்கோ ஜோவுடன் அவசரக் கல்யாணம்தான் வழி என்றாகிறது.

"அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதே" என்று எழுதியிருந்தாய். சரி, அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். 1941 ஜூன் மாதத்தில் அதிபர் ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களிலும் அரசு வேலைகளிலும் இனப் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். கறுப்பினப் பெண்களும் அலுவலக வேலைக்காக வாஷிங்டனுக்கு வந்தார்கள், கான்னியைப் போலவே. பொட்டோமாக் ஆற்றுக்கு அக்கரையில் ஏறக்குறைய 7,000 பெண்களுக்காக எழுந்த ஆர்லிங்டன் ஃபார்ம்ஸ் குடியிருப்பு வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கறுப்பினப் பெண்களுக்குத் தனி விடுதிகள் கட்டினார்கள். அவற்றுள் ஒன்றுக்கு, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான டீனாக இருந்த லூசி டிக்ஸ் ஸ்லோவின் பெயரை வைத்தார்கள். இடநெருக்கடியையே கருவாகக் கொண்ட ஒரு கதைக்கு, அந்த விடுதியின் வாசல் எவ்வளவு அருகில் இருந்திருக்கிறது! படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கறுப்பினத்தவருக்குக் கண்ணியமான வேடங்கள் தரச் சொல்லி, அவர்களின் உரிமைகளுக்காகப் போராடிய தலைவர் வால்டர் வைட் 1942இலேயே ஹாலிவுட் முதலாளிகளிடம் நேரில் சென்று பேசினார். ஆகவே, கேட்பதற்கு அன்று ஆளில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

பக்கத்து வீட்டுச் சிறுவனால் ஜோ ஜப்பானிய ஒற்றன் என்ற சந்தேகத்துக்கு ஆளாகும் பகுதி என்னை இன்னும் அதிகமாகக் கலங்கச் செய்தது. விசாரணை முடிந்து அவன் வீடு திரும்பிவிடுகிறான். அதே போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகும், வாசற்படியில் உட்கார்ந்து கான்னி தன் நிச்சயதார்த்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, ஜோவின் கை அவள் தோளையும் கழுத்தையும் விட்டு விலகாத அந்தக் காட்சியை நான் விரும்புகிறேன். நீ அதை அவளுடைய சம்மதம் என்கிறாய்; அவள் அந்தக் கையை எத்தனை முறை விலக்குகிறாள் என்று பார்த்தாயா? பொங்கலுக்கு நீ வரும்போது அந்த இடத்தை மட்டுமாவது சேர்ந்து பார்ப்போம். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி