எரிக்க மட்டும் தெரிந்தவர்கள் அல்ல நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கழிவுக் கடதாசியில் குறைந்த செலவில் வீடு கட்டுவது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "கிழக்கில் பழைய கடதாசியை எரிக்கத்தான் மக்களுக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் கிழக்கிலங்கையில் இருக்கும் எங்கள் வாழைச்சேனைக்கு ஒரு நாளாவது வந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது.

1956இல் இங்கே கடதாசி ஆலை தொடங்கியதும், வைக்கோலையும் கழிவுத் தாளையும் கூழாக்கி அங்கே கடதாசி செய்ததும் தாங்கள் அறியாதது அல்ல. என் அப்பா அந்த ஆலையில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது சாரத்தில் ஈரக் கூழ் ஒட்டியிருக்கும். பிறகு இயந்திரங்கள் வருடக்கணக்காக நின்று கிடந்தன. அதையெல்லாம் பார்த்த ஊரைப் பற்றி இப்படி எழுதினால் மனம் நோகத்தான் செய்யும்.

ஆலையை விடுங்கள். எங்கள் பெத்தா, அதாவது பாட்டி, பழைய கொப்பித் தாள்களை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, ஓட்டை விழுந்த சுளகுக்கும் ஓலைப்பெட்டிக்கும் பூசுவார். வெந்தயம் சேர்த்தால் பூச்சி அரிக்காது என்பார். ஒரு தாளையும் அடுப்பில் போட விடமாட்டார்.

சுனாமியில் கல்குடாவில் வீட்டை இழந்த என் தங்கச்சி குடும்பம் எத்தனையோ மாதம் தகரக் கொட்டிலில் கிடந்தது. சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பகலில் உள்ளே பிள்ளையைத் தூங்க வைக்க முடியாது. அந்த நேரம் ஒரு நிறுவனத்தார் வந்து கடதாசிக் கூழில் கல் அறுக்கப் பழக்கினார்கள். மூன்று நாள் பயிற்சி, படம், கையெழுத்து. மாரி தொடங்குமுன் போய்விட்டார்கள். மழையில் அந்தக் கல் என்ன ஆகும் என்று கேட்க ஒருவரும் இல்லை.

அதை நாங்களே கண்டுபிடித்தோம். என் குசினிச் சுவரை அந்தக் கல்லால் நிலத்திலிருந்தே எழுப்பினேன். கார்த்திகை மழைக்கு அடிவரிசை தண்ணீரை உறிஞ்சி ஊதியது. பூஞ்சணம் ஏறியது, பூச்சு கழன்றது. அடுத்த வெயிலில் எல்லாவற்றையும் இடித்து, கீழே மூன்று வரிசை சீமெந்துக் கல் வைத்து, அதற்கு மேலேதான் கடதாசிக் கல் அடுக்கி, உள்ளும் புறமும் சீமெந்துப் பூச்சுப் போட்டோம். கூரைப் பாரத்தைக் கொங்கிறீட் தூண்களுக்குக் கொடுத்தோம். அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. சூடும் குறைவு, ஆணியும் இலேசாக இறங்கும்.

இவற்றில் ஒன்றும் கட்டுரையில் இல்லை. கூழ், மணல், சீமெந்து கலந்து அச்சில் வார்த்தால் சரி என்று முடித்துவிட்டார்கள். கொப்பித் தாள் இரண்டு மூன்று நாளில் ஊறிவிடும். சீமெந்துப் பைத் தாள் அவ்வளவு சீக்கிரம் கரையாது. கல் உள்வரை காய வாரக்கணக்கில் வெயில் வேண்டும், அதனால் ஐப்பசிக்குப் பிறகு இங்கே அறுக்கவே கூடாது. வட்டிக்குக் கடன் எடுத்துச் சீமெந்து வாங்குகிறவர்தான் இந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருப்பார்.

அப்புறம் கூரைக்குப் போடச் சொன்ன, தாரில் தோய்த்த கடதாசிச் சீற். அது "இலேசானது" என்று புகழ்ந்திருக்கிறார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளியில் எங்கள் கூரை பறந்ததை நான் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து இலேசான கூரை என்றாலே எனக்குப் பயம். அந்தச் சீற்றுக்குக் கீழே மரச்சட்டங்களை நெருக்கி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்முடைய வெயிலுக்கு இளகித் தொய்ந்துவிடும். ஆணியும் கூடுதலாக வேண்டும். சட்டமும் ஆணியும் சேர்ந்தால் செலவு ஏறும். கட்டுரையில் சொன்ன மலிவு பாதி குறைந்துவிடும்.

கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸின் தூசு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கும்போது வேறு கூரை தேடத்தான் வேண்டும். கடதாசிக் கல்லும் நல்ல பொருள்தான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடிவரிசைக்குக் கடதாசிக் கல் வைக்கக் கூடாது என்றும் மாரிக்கு முன்பே அறுத்துக் காயவைக்க வேண்டும் என்றும் இரண்டு வரி போடுங்கள். இடம் போதாவிட்டால், எரிப்பது பற்றிய அந்த வரியைத் திருத்தாமலே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை.