தோட்டாவின் வளையம் வலுவுக்காக அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1912-ல் லண்டனில் பிறந்த தோட்டா இன்னும் ஓய்வு பெறவில்லை என்று எழுதியிருந்தது சரிதான். ஆப்பிரிக்காவில் எருமை, யானை வேட்டைக்கு இதற்குக் குறைந்த அளவு கூடாது என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. ஆனால் படத்தில், தோட்டாவின் அடியில் இருக்கும் வளையத்துக்கு அம்புக்குறி போட்டு 'கூடுதல் வலு' என்று குறித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். நம்பியதன் பலன் என் மேசை மேல் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

வளையத்தின் வேலை வேறு. துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா எதுவரை போகலாம் என்று ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்த வேண்டும். பழைய இரட்டைக்குழல் ரைபிள்களின் தோட்டாவுக்கு அடியில் அகலமான விளிம்பு உண்டு, அது நிறுத்திவிடும். மேகசினில் அடுக்கினால் அந்த விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். விளிம்பில்லாத தோட்டாவை அதன் தோள், அதாவது உறை கழுத்துப் பக்கம் சட்டென்று சிறுக்கும் இடம், நிறுத்தும். இந்தத் தோட்டாவுக்கோ தோள் என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. நீளமாக, முன்னே போகப்போகச் சிறுத்துச் சரிந்துவிடுகிறது. அந்தக் காலத்துக் கார்டைட் வெடிமருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் கூடும். அப்போதும் சுட்ட பித்தளை உறை அறையில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வெளியே வர அந்தச் சரிவு உதவியது. தோளை நம்ப முடியாததால் அடியில் ஒரு வளையம் வைத்தார்கள், அவ்வளவுதான். பின்னால் வந்த .338 வின்செஸ்டர் (1958), 7 மி.மீ. ரெமிங்டன் (1962), .300 வின்செஸ்டர் (1963) ஆகிய மூன்று மேக்னம் தோட்டாக்களுக்கும் நல்ல தோள் இருந்தும் வளையத்தை விடவில்லை. மேக்னம் என்றால் வளையம் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் பழகிப்போயிருந்தார்கள். வியாபாரம்தானே! 2007-ல் வந்த .375 ரூகரில் வளையமே கிடையாது, அதற்காக அது வெடித்துச் சிதறவில்லை.

புதுத் தோட்டாவைச் சுட்டுவிட்டு உறையை எறிகிறவருக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகாது. சுட்ட உறையிலேயே புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு வைத்துத் திரும்ப நிரப்பும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் வினை. வளையம் தாங்கிக்கொள்ளும் என்று, அறையின் முன்பக்கத்தைப் பல துப்பாக்கிகளில் தாராளமாகவே கடைந்திருப்பார்கள். சுடும்போது உறையின் தோள் அந்த இடைவெளிக்குப் பொங்கிப் போகும். நாம் அதை டை என்கிற அச்சுக்குள் விட்டு அழுத்திப் பழைய இடத்துக்கே தள்ளுகிறோம். மறுபடி சுட்டால் மறுபடி இழுபடும். இழுபடுவது வளையத்துக்கு ஒட்டி முன்னால் இருக்கும் பித்தளைதான். நான்கைந்து தடவையில் அங்கே சுவர் காகிதம்போல ஆகிவிடும்.

எனக்கு நடந்தது ஈலண்ட் என்ற பெரிய ஆப்பிரிக்க மான் வேட்டையில். 600 கிலோவுக்குக் குறையாத காளை. 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டு. மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போட்டவன் நான், அந்தப் பெருமை வேறு. உறை மட்டும் ஐந்தாவது முறை நிரப்பியது. முதல் குண்டு கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. சுட்ட உறையை வெளியே எடுக்க, அறையை மூடும் போல்ட்டை இழுத்தேன், மிக லேசாக வந்தது. வந்தது அடித்துண்டு மட்டும், வளையத்தோடு. மிச்சம் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த தோட்டா பாதியில் முட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. அடிபட்ட மிருகம் புதருக்குள் போகிறது, கையில் இருப்பது வெறும் தடி. வழிகாட்டி தன் ரைபிளால் முடித்துவைத்தார். திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டையோடு வரும் தாளில், உறையின் அடியைப் பிடித்திருக்கும் உறைதாங்கியைத் தொடும்வரை டையை இறக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் திருகு என்றுதான் போட்டிருக்கும். அதை அப்படியே செய்தது என் தப்பு. இப்போது டையை ஒரு சுற்று மேலேயே நிறுத்தி, உறையின் தோளில் மெழுகுவர்த்திக் கரி பிடித்து, கரியில் தடம் விழும்வரை சிறிது சிறிதாக இறக்குகிறேன். போல்ட் மூடும்போது கைக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும், அதோடு சரி. இப்படிச் செய்தால் தோட்டாவை வளையத்துக்குப் பதில் தோளே நிறுத்திக்கொள்ளும். அப்புறம், ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல வளைத்து, ஒவ்வொரு உறைக்குள்ளும் விட்டு அடியிலிருந்து மேலே வருடிப் பார்ப்பேன். வளையத்துக்குச் சற்று முன்னால் கொக்கி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்த உறை குப்பைக்கு. வெளியே பளபளவென்று கோடு தெரியும்வரை காத்திருந்தால் அநேகமாகக் காலம் கடந்திருக்கும். திருப்பித் தாக்கக்கூடிய மிருகத்தைத் தேடிப் போகும்போது புது உறையைத் தவிர எதையும் எடுப்பதில்லை.

அடுத்த இதழில் அந்த அம்புக்குறியை மட்டும் திருத்திப் போடுங்கள். உடைந்த உறையின் படம் வேண்டுமானால் அனுப்புகிறேன். உட்பக்கப் பள்ளம் தெரியும்படி நெடுக்காக அறுத்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்